ஆண்டெனா இல்லாத வலை எவ்வளவு தாங்கும்?

வைஃபை ரவுட்டர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். 1200 எம்பிபிஎஸ், 3000 எம்பிபிஎஸ் என்று. எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு இத்தனை மில்லியன் பிட். வீட்டில் அந்த வேகம் வருவதில்லை என்பது வாங்கிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே கேள்வியாவது எளிது. நடுவில் ஒரு ரவுட்டர், சுற்றிலும் நாலைந்து கருவிகள், அவ்வளவுதான்.

ரவுட்டரும் இல்லை, புளோக்கின் கூரை மேல் தொலைபேசி நிறுவனத்தின் ஆண்டெனாவும் இல்லை, கருவிகள் தங்களுக்குள்ளேயே பேசி, ஒன்றின் செய்தியை இன்னொன்று வாங்கிக் கடத்தினால்? அதுவும் கருவிகள் எல்லாம் நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தால்? இதைத்தான் நடமாடும் தற்காலிக வலை என்கிறோம். துறையில் சுருக்கமாக மானெட். யோசனை பழையது. 1970களிலேயே அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா வண்டிகளில் ரேடியோ ஏற்றிச் சோதித்தது. 2014இல் ஹாங்காங் போராட்டத்தின்போது ஃபயர்சாட் என்ற செயலி பரவலாகப் பேசப்பட்டதும் இந்த யோசனையால்தான். தொலைபேசிச் சேவை இல்லாமலேயே புளூடூத், வைஃபை வழியாக ஒரு போன் பக்கத்துப் போனுக்குச் செய்தி கடத்தியது.

சரி, இப்படிப்பட்ட வலை எவ்வளவு தாங்கும்? அதன் கொள்ளளவு என்ன? இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். எத்தனை பேர், எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கத் தயார் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

முதலில் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாச பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகின்றன. வழி நெடுகத் தொண்டூழியர்கள் 200 மீட்டருக்கு ஒருவராக நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரேடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரேடியோவின் செய்தி 250 மீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். அலைவரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். இதன் வேகம் 2 எம்பிபிஎஸ்.

முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு அனுப்பினால் அலைவரிசை முழுவதும் அவருக்கே. இரண்டாம் ஆள் அதை மூன்றாம் ஆளுக்குத் தள்ள வேண்டுமென்றால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அவரால் கேட்கவும் பேசவும் முடியாது. ஆக, பாதி நேரம் கேட்கிறார், பாதி நேரம் பேசுகிறார். வேகம் பாதியாகிவிட்டது. செய்தி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதை ஒரு தாவல் என்போம். மூன்று தாவல் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

இப்படியே போனால் பத்துத் தாவலுக்குப் பத்தில் ஒரு பங்குதானா? இல்லை. நல்லவேளையாகத் தூரம் நமக்கு உதவுகிறது. வரிசையின் தலைப்பக்கம் ஒருவர் பேசும்போதே வால்பக்கம் இன்னொருவரும் பேசலாம், இருவருக்கும் போதிய இடைவெளி இருந்தால். எவ்வளவு இடைவெளி? இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ரேடியோ சொல்வது புரியும் தூரம் வேறு, அது மற்றவர் பேச்சைக் கெடுக்கும் தூரம் வேறு. 250 மீட்டருக்கு மேல் அதன் செய்தி யாருக்கும் புரியாது. ஆனால் இரைச்சலாக 550 மீட்டர் வரை போய்த் தொந்தரவு செய்யும். பல ஆய்வுகளில் கணினிச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட எண்கள் இவைதான்.

முதல் ஆள் இரண்டாம் ஆளிடம் பேசும்போது நான்காம் ஆள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அவருக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையே 400 மீட்டர்தான். இரைச்சல் வந்து சேர்ந்துவிடும், செய்தி கெட்டுவிடும். ஐந்தாம் ஆள் 600 மீட்டர் தள்ளி நிற்கிறார், அவர் பேசலாம். அதாவது நான்கு பேருக்கு ஒருவர்தான் ஒரே நேரத்தில் பேச முடியும். வரிசை எவ்வளவு நீளமானாலும் அலைவரிசையின் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். கணக்குப்படி இதுதான் உச்சம்.

2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜின்யாங் லீயும் கூட்டாளிகளும் இதே மாதிரி வரிசையைச் சோதித்தார்கள். 2 எம்பிபிஎஸ் அலைவரிசையில், தலைப்புத் தகவல்களும் ஒப்புகைச் செய்திகளும் எடுத்துக்கொண்டது போக, ஒரே தாவலுக்குக் கிடைத்தது சுமார் 1.7 எம்பிபிஎஸ். அதில் கால் பங்கு என்றால் 0.4க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். சாதாரண வைஃபை விதிமுறையில் வந்தது சுமார் 0.25. ஏழில் ஒரு பங்குதான்! மீதி எங்கே போனது? வரிசையின் முதல் ஆளுக்குப் போட்டி குறைவு, ஏனென்றால் அவருக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீட்டார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் இரைச்சல். முதல் ஆள் தாராளமாகத் தள்ளிவிடுகிறார், நடுவில் இருப்பவர்கள் கடத்த முடியாமல் கீழே போடுகிறார்கள். அப்படிப் போன பாக்கெட்டுகளுக்கு, அதாவது செய்தித் துண்டுகளுக்கு, ஏற்கெனவே செலவழித்த நேரம் அத்தனையும் வீண்.

இது கணினிக்குள் இருக்கும் சமதளத்தில். சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். அப்புறம் இரண்டு பக்கக் கடைகளிலும் மேல்மாடிகளிலும் வேறு ரவுட்டர்கள்.

வரிசையை விடுங்கள். இனிப் பரந்த ஓர் இடம். அதில் போன்கள் இங்குமங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மூலையில் உள்ள இன்னொன்றோடு பேச விரும்புகிறது. இப்போது ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? 2000ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியூஷ் குப்தாவும் பி.ஆர்.குமாரும் இதற்கு விடை சொன்னார்கள். (நம்மூர் டிபிஎஸ் வங்கியை நடத்தியவர் பெயரும் பியூஷ் குப்தாதான், ஆனால் இவர் வேறு. குமார் சென்னை ஐஐடியில் படித்தவர்.) இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. கணிதம் கடினம், சாரம் கடினமில்லை.

இடம் அப்படியே இருக்கட்டும், போன்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குங்கள். நெருக்கமாகிவிட்டதால் பக்கத்துப் போனுக்கான தூரம் பாதியாகும். மெல்லிய குரலில் பேசினால் போதும், அதனால் ஒரே நேரத்தில் நான்கு மடங்கு பேச்சுகள் நடக்கலாம். ஆகா என்று தோன்றும். ஆனால் தாவல் சிறிதாகிவிட்டதால் ஒவ்வொரு செய்தியும் ஊர் போய்ச் சேர இரண்டு மடங்கு தாவல் எடுக்க வேண்டும். நான்கு மடங்கு லாபத்தில் பாதி அதற்கே போய்விட்டது. மிஞ்சுவது இரண்டு மடங்கு. அதை நான்கு மடங்கு ஆட்கள் பங்கு போட வேண்டும். ஆளுக்கு முன்பு கிடைத்ததில் பாதிதான்.

வேறு மாதிரி சொன்னால், தலைக்கு வரும் பங்கு ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. 100 பேர் இருந்த இடத்தில் 10,000 பேர் வந்தால், ஆளுக்குக் கிடைப்பது பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இதுவும் போன்களை நம் இஷ்டப்படி அடுக்கி வைத்தால்தான். தாறுமாறாகச் சிதறியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2007இல் ஃப்ரான்செஸ்கெட்டி என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் வேறு வழியில் செய்திகளைக் கடத்தினால் அந்தக் கூடுதல் இழப்பைத் தவிர்க்கலாம் என்று காட்டினார்கள்.

கவனியுங்கள், இது எம்பிபிஎஸ் கணக்கு இல்லை. எண்ணிக்கை கூடினால் எந்த வேகத்தில் தேயும் என்ற போக்கைத்தான் இது சொல்கிறது. இதை எடுத்துக்கொண்டு, 100 போன் என்றால் 54 எம்பிபிஎஸை 10ஆல் வகுத்து 5.4 என்று திட்ட அறிக்கையில் எழுதுவது தவறு. முன்னால் ஒரு மாறிலி ஒளிந்திருக்கிறது, அதை அளந்துதான் அறிய வேண்டும்.

அதே கட்டுரையில் இன்னொரு நல்ல அளவுகோல் இருக்கிறது. ஒரு லாரி நிறுவனம் எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்க வெறும் டன் போதாது. பத்து டன்னை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனதும் ஜொகூர் தாண்டிக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனதும் ஒன்றா? அதனால் டன்-கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். அதுபோலவே இங்கே பிட்-மீட்டர். ஒரு வினாடியில் எத்தனை பிட் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். கடத்துவதற்காகச் செய்த மறுஒலிபரப்புகளை எல்லாம் கூட்டிக்காட்டி ஏமாற்ற முடியாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதும் இதே காரணத்தால் பெரிதாகிறது. எல்லோரும் பக்கத்தில் உள்ளவரோடு மட்டும் பேசினால் தாவல் எண்ணிக்கை கூடாது, ஆளுக்கான பங்கும் தேயாது. எம்ஐடி குழு சொன்னதும் இதைத்தான். ஈசூனில் இருப்பவர் ஈசூனோடு பேசும் வலை பெரிதாக வளரலாம், ஈசூனும் ஜூரோங்கும் பேசத் தொடங்கினால் திணறும்.

இதுவரை யாரும் நகரவில்லை. நகர்ந்தால்? தொந்தரவு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாதை அறுந்துபோகும், புதிய பாதை தேட வேண்டும், தேடுவதற்கான செய்திகளே அலைவரிசையைத் தின்னும். எல்லாம் உண்மை. ஆனால் மத்தியாஸ் கிராஸ்கிளவுசர், டேவிட் ட்ஸே என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் தலைகீழாக ஒன்றைச் சொன்னார்கள். நடமாட்டம் கொள்ளளவைக் கூட்டும் என்றார்கள்.

எப்படி என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். துவாஸ் தங்கும் விடுதியில் இருக்கும் ஒருவர் பொங்கோல் விடுதியில் இருக்கும் நண்பருக்கு ஒரு காணொளி அனுப்ப வேண்டும், ஊர்த் திருவிழாவின் காணொளி என்று வைத்துக்கொள்ளுங்கள். துவாஸிலிருந்து பொங்கோல் வரை போன் விட்டுப் போன் தாவினால் தீவு முழுக்க அலைவரிசையை அடைத்துக்கொண்டு போகும். அதற்குப் பதில், அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நண்பரின் போனுக்கு ஒரு தாவலில் கொடுத்துவிடுகிறார். அந்த நண்பர் ஞாயிற்றுக்கிழமை பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கும்போது பொங்கோல்காரர் பக்கத்தில் வந்து நிற்கிறார். இன்னொரு தாவல், முடிந்தது. காற்றில் போனது மொத்தம் இரண்டே தாவல். மீதித் தூரத்தை எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் சுமந்தன.

நேரடியாக அவரே கொடுக்கலாமே, நடுவில் நண்பர் எதற்கு என்று கேட்கலாம். குறிப்பிட்ட இரண்டு பேர் சந்திப்பது அரிது. ஆனால் காணொளியைத் துண்டு துண்டாக்கி, எதிர்ப்படும் பத்துப் பேரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்தால், எந்த நேரத்திலும் அவர்களில் யாராவது ஒருவர் பொங்கோல்காரருக்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். தாவல் இரண்டுக்கு மேல் போகாததால் ஆட்கள் எத்தனை பெருகினாலும் ஆளுக்கான பங்கு தேய்வதில்லை. குப்தா-குமார் போட்ட வர்க்கமூலத் தடை இங்கே இல்லை.

போனில் சுமந்து போவது அற்ப விஷயம் இல்லை. 1 கிகாபைட்டை ஒரு மணி நேர ரயில் பயணத்தில் கொண்டுபோனால் சராசரியாக 2.2 எம்பிபிஎஸ் வருகிறது. வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த 0.25ஐ நினைத்துப் பாருங்கள்.

விலை? காத்திருப்பு. திங்கட்கிழமை அனுப்பியது ஞாயிற்றுக்கிழமைதான் சேரும். சுமப்பவர்களின் போனில் இடமும் வேண்டும். தவிர அந்தக் கணக்கில் ஒரு துணிச்சலான அனுமானம் இருக்கிறது. எல்லோரும் எல்லா இடத்துக்கும் சம வாய்ப்போடு அலைகிறார்கள் என்று வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் பெரும்பாலோர் வேலையிடம், விடுதி, மறுபடி வேலையிடம் என்றே போய்வருகிறார்கள். ஆகவே கிடைக்கும் லாபம் அந்தக் கணக்கு சொல்வதைவிடக் குறைவு. லிட்டில் இந்தியாவின் தேக்கா மாதிரி எல்லோரும் கூடும் ஓர் இடம் இருப்பதால்தான் அது கொஞ்சமாவது கைகூடுகிறது.

நகராமலே தடையைத் தாண்ட முடியாதா என்று பலரும் முயன்றார்கள். பக்கத்துக் கருவிகள் கூட்டாகச் சேர்ந்து ஒரே பெரிய ஆண்டெனாவாக நடந்துகொண்டால் பங்கு ஏறக்குறைய தேயாமல் இருக்கும் என்று 2007இல் ஒரு முடிவு வந்தது. அதற்கும் மின்காந்த அலையின் இயற்பியல் போடும் எல்லை உண்டு என்று பின்னால் வேறொரு குழு காட்டியது. தொடக்க நிலையில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று கடலைப் பார்க்கட்டும். நங்கூரமிட்ட கப்பல்களும், அவற்றுக்குப் பின்னால் நீரிணையில் போகும் கப்பல்களும் தங்களுக்குள் ஒரு தற்காலிக வலையில்தான் இருக்கின்றன. ஏஐஎஸ் எனப்படும் தானியங்கி அடையாள முறை அது. அனைத்துலகப் பயணம் போகும், மொத்த டன் கணக்கில் 300 அல்லது அதற்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றிலும் அது இருந்தாக வேண்டும். நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தத் திசையில் போகிறேன் என்று ஒவ்வொரு கப்பலும் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் எப்போது பேசுவது என்று கரையிலிருந்து யாரும் உத்தரவிடத் தேவையில்லை, கப்பல்களே பார்த்து முறை போட்டுக்கொள்கின்றன.

இதன் கொள்ளளவை நாமே போட்டுப் பார்க்கலாம். வேகம் வினாடிக்கு 9600 பிட். நிமிடத்தை 2250 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு 256 பிட், ஓர் இருப்பிடச் செய்தி அதில் அடங்கிவிடும். இரண்டு அலைவரிசைகள் இருப்பதால் நிமிடத்துக்கு 4500 துண்டுகள். 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குள் நேராகப் போகும் கப்பல் 10 வினாடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 6 முறை பேசும். 4500ஐ 6ஆல் வகுத்தால் 750 கப்பல்கள். நங்கூரமிட்ட கப்பலோ 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும், அப்படிப்பட்டவை மட்டும் என்றால் 13,500 வரை இடம் உண்டு. திரும்பும் கப்பல் 10க்குப் பதில் மூன்றேகால் வினாடி சுமாருக்கு ஒருமுறை பேசும், 23 நாட்டைத் தாண்டியது 2 வினாடிக்கு ஒருமுறை. ஆக, வலை ஒன்றுதான், கொள்ளளவோ கப்பல்கள் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே அளவு எம்பிபிஎஸ்கூட இல்லை, கப்பல்களின் எண்ணிக்கை.

நெரிசல் வந்தால் இந்த முறை என்ன செய்கிறது என்பது இன்னும் சுவாரசியம். துண்டு கிடைக்காத கப்பல், மிகத் தொலைவில் உள்ள கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். தூரத்துக் கப்பலின் செய்தி கெட்டால் பரவாயில்லை, மோதப்போவது பக்கத்தில் இருப்பதோடுதானே. வலை உடைவதற்குப் பதில் அதன் வீச்சு சுருங்குகிறது. ஒன்று மட்டும் தீராது. ஒன்றையொன்று கேட்க முடியாத இரண்டு கப்பல்கள் ஒரே துண்டில் பேசினால் நடுவில் இருக்கும் மூன்றாவது கப்பலுக்கு இரண்டும் குழம்பும். இந்த மறைந்திருக்கும் கருவிச் சிக்கல் எல்லாத் தற்காலிக வலைகளுக்கும் பொது.

கடைசியாக, அளப்பது எப்படி? பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுத்தால் அநேகமாக ஐபெர்ஃப் என்ற வேகமளக்கும் மென்பொருளை ஓட்டி வந்த எண்ணை எழுதிவிடுவார்கள். அது போதாது. உள்ளே தள்ளும் அளவைச் சிறிதுசிறிதாகக் கூட்டுங்கள், மறுமுனையில் போய்ச் சேர்வதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஓர் இடத்தில் சேர்வது நின்றுவிடும், பிறகு சில வேளை குறையவும் தொடங்கும். அந்த முனைதான் உங்கள் கொள்ளளவு. முனைக்கு அருகே தாமதம் மளமளவென்று ஏறுவதையும் குறித்துக்கொள்ளுங்கள், 3 வினாடி தாமதத்தோடு வரும் 2 எம்பிபிஎஸை வைத்துப் பேச முடியாது. வலையில் தகவல் அனுப்பும் விதிமுறைகளில் சோதனைக்கு யூடிபி நல்லது. இன்னொரு விதிமுறையான டிசிபி, பாதை அறுந்ததைக்கூட நெரிசல் என்று எண்ணித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் அளப்பது வலையை அல்ல, டிசிபியின் பயத்தை.

இடம் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் சோதித்தால் மேலே உள்ள அத்தனை வீட்டு ரவுட்டர்களையும் சேர்த்தே அளக்கிறீர்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் அலைவரிசை எவ்வளவு நிரம்பியிருந்தது என்று பதிவு செய்யாவிட்டால், சாயங்காலம் எடுத்த எண்ணையும் விடிகாலை எடுத்த எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

நிஜக் கருவிகளுக்குப் பதில், என்எஸ்-3 போன்று வலையைக் கணினிக்குள் போலச் செய்யும் மென்பொருளில் சோதிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கருவிகளை நகர்த்தப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஒரு தற்செயல் முறை. ஓர் இடத்தைக் குலுக்கிப் போட்டு எடு, பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஒரு வேகத்தைக் குலுக்கி எடு, அங்கே போ, கொஞ்சம் நில், மறுபடி குலுக்கு. இதில் ஒரு பொறி இருப்பதை 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். தூரமான இடமும் மிகக் குறைந்த வேகமும் ஒருவருக்கு விழுந்துவிட்டால் அவர் நெடுநேரம் ஊர்ந்துகொண்டே இருப்பார். நேரம் போகப்போக இப்படி ஊர்பவர்கள் சேர்ந்துகொண்டே போக, சராசரி வேகம் விழுந்துகொண்டே வரும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சோதிப்பதாக நீங்கள் எழுதியிருப்பீர்கள், உள்ளே வலை கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். எண்களும் அழகாகத் தெரியும், நகராத வலை அல்லவா. ஆகவே குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்தில் விடாதீர்கள், 1 என்றாவது வையுங்கள். தொடக்கப் பகுதியைக் கழித்துவிட்டு, சராசரி வேகம் ஒரு நிலைக்கு வந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள்.